சேவல் சிஸ்டர் வாயை மூடிய நாட்கள்

மயக்க மருந்தைக் கண்டுபிடித்த மேதைகள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். சேவல் சிஸ்டரின் தொண்டையை மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் மருந்தை இன்னும் கொஞ்சம் கெட்டியாகத் தயாரித்திருப்பார்கள்.

இது எனக்கு உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் மருத்துவமனையில் இரண்டு ஆபரேஷன் தியேட்டர்கள், நடுவில் இரு பக்கமும் ஆடும் ஒரு கதவு. இந்தப் பக்கம் பித்தப்பையில் கல்லோடு வந்த ஓர் அம்மா. அந்தப் பக்கம் குடலிறக்கம் என்று வந்த இன்னோர் அம்மா. இருவருக்கும் தையல் போட்டு, மயக்க வாயுவையும் நிறுத்தியாயிற்று. இனி அவர்கள் கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்டாப்வாட்சோடு இங்கே நான். இன்னொரு ஸ்டாப்வாட்சோடு அங்கே என் வகுப்புத் தோழன். நடுக்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இங்கே ஒரு கால் அங்கே ஒரு கால் என்று வந்து நின்றார் எங்கள் தியேட்டர் நர்ஸ் சேவல் சிஸ்டர். மூச்சை இழுத்தார்.

"யம்மோவ்! அடுப்புல பால் பொங்குதும்மா!"

இரண்டு அம்மாக்களும் ஒரே நொடியில் கண்ணைத் திறந்தார்கள். இரண்டு வலது கைகளும் ஒரே நேரத்தில் எழுந்து, இல்லாத அடுப்பின் திருகைக் காற்றில் தேடித் திருகின.

யாருக்கு எந்த வாயு என்று எங்களுக்கே தெரியாமலிருக்க இயந்திரங்களை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தோம். என் பக்கத்து அம்மாவுக்குக் கொடுத்திருந்தது ஒரு வாயு. அவன் பக்கத்து அம்மாவுக்கு வேறொரு வாயு. இந்த இரண்டில் எது சீக்கிரம் தெளியவைக்கும் என்று கண்டுபிடிக்கத்தான் நான் மாதக்கணக்கில் ஸ்டாப்வாட்சும் கையுமாக அலைந்துகொண்டிருந்தேன். இத்தனை நாளும் நான் வாயுக்களை ஒப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பாலைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் மயக்கவியல் மேற்படிப்பு மாணவன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். கடைசி வருடம் தீசிஸ் என்று ஓர் ஆராய்ச்சி முடித்துக் கொடுத்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். நான் எடுத்த தலைப்பில் இரண்டு வாயுக்கள். ஒன்று செவோஃப்ளூரேன், மற்றொன்று டெஸ்ஃப்ளூரேன். பெயர்கள் பல்லைக் கழற்றும் என்பதால் தியேட்டரில் அவற்றை நிறத்தால் கூப்பிடுவோம். முதலாவது மஞ்சள் பாட்டில்; இரண்டாவது நீலம்.

இந்த வாயுக்களை எக்கச்சக்கமாகத் திறந்துவிட்டுக் கொடுப்பது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போடுவதைப் போல. நோயாளிக்குப் போவது கொஞ்சம், வெளியே வீணாவது மிச்சம். கதவை மூடிவிட்டு ஏசி போடுவதற்கு 'லோ ஃப்ளோ' என்று பெயர். நோயாளி விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை மட்டும் வடிகட்டி எடுத்துவிட்டு, மீதியை அவருக்கே திருப்பி அனுப்புவோம். குறைகிற துளியை மட்டும் புதிதாகச் சேர்ப்போம். வேலை முடிந்ததும் ஆக்சிஜனை முழுதாகத் திறந்து, உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வாயுவை அலசி வெளியேற்றுவோம். இப்படிக் கஞ்சத்தனமாகக் கொடுக்கும்போது மஞ்சளில் சீக்கிரம் தெளியுமா, நீலத்தில் சீக்கிரம் தெளியுமா என்பதுதான் என் கேள்வி. நீலம் முந்தும் என்கின்றன புத்தகங்கள். ஆனால் வெளியேறும் நீலம் வானத்தைச் சூடாக்குவதில் மஞ்சளைவிடப் பெரிய கில்லாடி. ஆகவே அது முந்துவது நிஜமா, எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். என் ஸ்டாப்வாட்சோ இரண்டும் ஒன்றுதான் என்று பிடிவாதம் பிடித்தது. காரணம், அந்த நடுக்கதவில் நின்றுகொண்டிருந்தது.

சேவல் சிஸ்டருக்குத் திருவிடந்தைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஐம்பதைத் தொடும் வயது. உயரம் நாலே முக்கால் அடி. குரலுக்கு அளவுகோல் இன்னும் வரவில்லை. சிறு வயதில் சர்ச்சில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாராம். "மொத வாரம் ஓரமா நின்னு பாட சொன்னாங்க. ரெண்டாவது வாரம் கதவாண்ட. மூணாவது வாரம் வேப்ப மரத்தாண்ட நிக்க வெச்சாங்க. அங்க நின்னு பாடுனாதான் கணக்கா கீதாம்" என்று பெருமையாகச் சொல்வார். தியேட்டர் வாசலில் ஒருநாள் மைக் கெட்டுப்போனபோது, வெளியே மரத்தடியில் இருந்த நோயாளியின் உறவினரை அவர் கூப்பிட, சாலையில் போன பஸ் ஓரங்கட்டி நின்றது. அன்றுதான் எங்கள் சர்ஜன் 'சேவல்' என்று பெயர் வைத்தார். கோபித்துக்கொள்வாரோ என்று எல்லோரும் பயந்தோம்.

"சேவல்னா பரவால்ல சார். கோழின்னு கீழின்னு சொன்னாதான் பேஜாராயிடும்."

வெறும் சத்தம் என்றால் சமாளித்திருப்பேன். அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை வார்டுக்குப் போய், நோயாளியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நாங்கள் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பார்.

"அண்ணாத்த, உண்மைய சொல்லு. நல்லா அசந்து தூங்கிகினு கீற. எதுக்கு அலறி அட்ச்சிகினு எழுந்துப்ப?"

அவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எங்களிடம் மறைத்துவிட்டு, இதை மட்டும் அவரிடம் நேர்மையாகச் சொல்வார்கள். மறுநாள் காதோரம் அதே விஷயம் வந்து விழும்.

மாமல்லபுரத்தில் சிலை செதுக்கும் ஒருவர் வந்தார். அவருக்கு, "அண்ணாத்த, அம்மன் மூக்கு ஒடஞ்சிகிச்சி!" மனிதர் கண்ணைத் திறந்த வேகத்தில் எங்கள் சர்ஜனின் மூக்கைத்தான் முதலில் பார்த்தார். முழுசாக இருக்கக் கண்டு நிம்மதியானார். மீன் விற்கும் அக்காவுக்கு, "கூடைல பூனை பூந்துகிச்சி!" அவர் கண் திறக்கும் முன்பே கால் உதைத்தது, என் தோழன் ஒரு வாரம் நொண்டினான். பொத்தேரியிலிருந்து வந்த கல்லூரி மாணவனுக்கு, "மச்சான், அட்டெண்டன்ஸ் எடுத்துகினு கீறாங்க!"

இதில் ஒருமுறை பெரிய குழப்பம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஆபரேஷன் வரிசை மாறியது சிஸ்டருக்குத் தெரியாது. மாணவனின் இடத்தில் படுத்திருந்தவர், ஒரு குக்கிராமத்திலிருந்து வந்த அறுபது வயது விவசாயி. "மச்சான், அட்டெண்டன்ஸ்!" என்று கத்தியதும் அவருடைய கை மெல்ல மேலே எழுந்தது. கண் திறந்தது. வாயிலிருந்து குழாயை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்ளேன் ஐயா!"

அடுத்ததாக வந்த மாணவனுக்கு அந்த விவசாயிக்குரியது போய்ச் சேர்ந்தது. "மாடு அவுத்துகிச்சி! மாடு அவுத்துகிச்சி!" என்று சிஸ்டர் தொண்டை கிழியக் கத்தியும் அவன் அசையவில்லை. யாருடைய மாடோ, போகட்டும் என்று தன் பாட்டுக்குத் தூங்கினான்.

அவரிடம் வாயுக்களைப் பற்றி ஒரு கொள்கையும் உண்டு. "மஞ்சள்ல எழுந்தவன் அழுவான் நைனா, நீலத்துல எழுந்தவன் சண்டைக்கு வருவான்." நோயாளியின் முகத்தைப் பார்த்தே எது என்று அடித்துச் சொல்வார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். பச்சைத் துணியை விலக்கிக் காட்டினால் அசரவே மாட்டார். "அதான் பாரேன், அழுதுகினே சண்டை போட்றான்."

சரி, என் கதைக்கு வருவோம். பால் பொங்கிய செவ்வாய்க்கிழமை மாலையே என் வழிகாட்டியான பேராசிரியை மேடத்திடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"தலைப்பை மாத்திடலாமா? பாலா, பூனையான்னு?"

"மேடம்..."

"இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் செல்லாது. மறுபடி முதல்ல இருந்து எடு. எழுப்புறது நீ மட்டும்தான்; எல்லாருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல். சிஸ்டர் வாயே திறக்கக் கூடாது. கெடுவுக்குள்ள முடிச்சா பரீட்சை. இல்லைன்னா அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் என்பதே பெரிய தலைவலி. சிஸ்டரிடம் இதை யார் சொல்வது என்பது அதைவிடப் பெரிய தலைவலி. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸிலிருந்த நெத்திலியில் பாதியை என் மூடியில் தள்ளினார்.

"இன்னா நைனா, மூஞ்சி இஞ்சி தின்னாப்ல கீது?"

சொன்னேன். கையிலிருந்த கவளம் பாதியில் நின்றது.

"நா எழுப்புனா எழுந்துக்கிறாங்க. அது தப்பா?"

"தப்பே இல்லை சிஸ்டர். ஆனா கேஸ் தெளிஞ்சு எழுந்தாங்களா, உங்களால எழுந்தாங்களான்னு எனக்குத் தெரியணும்."

"ரெண்டும் இல்ல. பாலால எழுந்தாங்க."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸின் ஓரத்தைத் தட்டினார்.

"நா கத்துனா உன் படிப்பு கெட்டுப்போவுமா?"

"ஒரு வருஷம் போயிடும்."

"அப்ப மூடிக்கிறேன்" என்றார். மீதி நெத்திலியையும் என் மூடியில் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்விட்டார்.

மறுநாள் காலை தியேட்டருக்குள் நுழைந்தவரைப் பார்த்து சர்ஜன் கத்திரியைக் கீழே போட்டார். மாஸ்க்கின் மேல் குறுக்கே வெள்ளை பிளாஸ்திரி! காதுக்குக் காது ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க முடிகிறதா என்று ஜாடையில் கேட்டேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நீ உன் வேலையைப் பார் என்று புருவத்தால் சொன்னார்.

என் வாக்கியம் இதுதான்: "அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கண்களைத் திறங்கள்." மேடம் திருத்தி, ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அவசரமாகக் கூடி ஒப்புதல் அளித்த வாக்கியம். இதை ஏற்ற இறக்கம் இல்லாமல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். முதல் நாள் வேலை முடிந்து, வெளியே வந்து பிளாஸ்திரியைப் பிரித்ததும் சிஸ்டர் சொன்னார்: "ஸ்டேஷன்ல வண்டி லேட்டுன்னு சொல்றா பாரு, அவ கூட இத்த விட பாசமா சொல்லுவா."

வாக்கியம் வேலை செய்தது. மக்கள் கண்ணைத் திறந்தார்கள். திறந்து, கூரையைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார்கள். பூக்கட்டும் ஓர் அம்மா என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஆபீஸு சார்?" என்று கேட்டார். நேரங்கள் விலகத் தொடங்கின. நீலம் முந்தியது, மஞ்சள் கொஞ்சம் பின்னால் வந்தது. எனக்கு ஒரே கும்மாளம். புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடக்கும்போது வரும் குஷியே தனி.

ஆனால் தியேட்டர் செத்துப்போயிருந்தது. விழிக்கிறவர்கள் யாரும் உதைக்கவில்லை, அடுப்பை அணைக்கவில்லை, ஆஜர் சொல்லவில்லை. சர்ஜன் தையல் போட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் நடுக்கதவைப் பார்ப்பார், பிளாஸ்திரியைப் பார்ப்பார், கையுறையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். சிஸ்டர் மட்டும் மாலையில் வார்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சொல்லத்தான் கூடாதுன்ன. கேக்கவும் கூடாதுன்னியா?" என்றார்.

உள்ளே அடைத்த குரல் வெளியே எங்கேயாவது பீறிட்டுத்தானே ஆக வேண்டும்? சாலையோர டீக்கடையில் அவர் "ஒரு டீ" என்றதற்கு, எதிர்ச்சாரியில் இருந்த கடைக்காரரும் ஒன்று போட்டுவிட்டார். இரண்டையும் குடித்துவிட்டு வந்தார்.

கடைசி நோயாளி வந்தார். மாமல்லபுரம் தடத்தில் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டர். பித்தப்பைக் கல். அவர் கண் திறக்கும் நேரத்தையும் குறித்துவிட்டால் என் கணக்கு பூர்த்தி. கெடுவுக்குள் வேறு ஆளைத் தேட நேரம் கிடையாது. இவர் ஒருவரின் கணக்கு தவறினால் ஒரு வருடம் தவறியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து தோழன் வாயுவை நிறுத்தினான், ஆக்சிஜனைத் திறந்துவிட்டான், தலையாட்டினான். ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

"அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கண்களைத் திறங்கள்."

கண்டக்டர் தூங்கினார்.

மறுபடி சொன்னேன். மறுபடி. மூச்சு அவராகவே சீராக விட்டுக்கொண்டிருந்தார். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் கச்சிதம். வாயு முழுக்க வெளியேறிவிட்டதை இயந்திரமே காட்டியது. தோழன் தலைமாட்டை விட்டு நகராமல் நின்றான். ஆபத்து எதுவும் இல்லை. டியூட்டி மேல் டியூட்டி பார்த்து வந்த மனுஷன், கிடைத்த இடத்தில் ஆனந்தமாகத் தூங்குகிறார், அவ்வளவுதான். அடுத்த ஆபரேஷனுக்கு ஆள் வாசலில் வந்துவிட்டது. சர்ஜன் நடுக்கதவைப் பார்த்தார்.

"சேவல், ஒரே ஒரு தடவை கூவிடும்மா."

சிஸ்டர் அசையவில்லை. அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் ஒரு விசில். பஸ் விசில். முந்தைய நாள் மாலை வார்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார். ஊதப் போவதில்லை என்று தெரிந்தே வாங்கி வந்திருக்கிறார்.

வாசலில் கண்டக்டரின் மனைவி எட்டி எட்டிப் பார்ப்பது கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"சிஸ்டர், போதும். ஊதுங்க. என் தீசிஸ் போனா போகுது."

சிஸ்டர் என்னை முறைத்தார். அந்த மாதிரி முறைப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விசில் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னொரு கையால் என் ஸ்டாப்வாட்சைச் சுட்டிக் காட்டினார். பிறகு என் வாயைச் சுட்டிக் காட்டினார். சொல்லு! பிளாஸ்திரிக்கு மேலே இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது. சண்டைக்கு வந்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மஞ்சளா நீலமா என்று அவரைக் கேட்டால் இரண்டும் என்பார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கண்களைத் திறங்கள்."

கண்டக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை. ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். தோழன் குழாயை எடுத்தான். கண்டக்டர் உதட்டை நனைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கடசி ஸ்டாப்பிங்ல ஆள எறக்கறதுக்கு இன்னா சார் இவ்ளோ மரியாதை?"

அடுத்து நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். சர்ரென்று பிளாஸ்திரி கிழிந்தது. அத்தனை வாரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த விசில் வழியாக ஒரே மூச்சில் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே, "ரை...ட்! போலாம் ரை...ட்!"

பக்கத்துத் தியேட்டரில் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து படுத்திருந்தவர், "வண்டி எங்க போவுது?" என்று கேட்டார். மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த மேடம் படியிறங்கி ஓடி வந்தார். வெளியே ஆட்டோக்கள் கிளம்பிவிட்டதாகத் தோழன் சத்தியம் செய்கிறான். கண்டக்டரின் கை தானாக எழுந்து, இல்லாத பையில் சில்லறையைத் தேடியது. "படில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்றார் சர்ஜனைப் பார்த்து. எங்கள் சர்ஜனும் ஓரடி உள்ளே நகர்ந்து நின்றார்.

தீசிஸ் முடிந்தது. நீலம் முந்துகிறது, புத்தகங்கள் சொன்னது சரி. பரீட்சையும் எழுதியாயிற்று. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் வீணென்று தள்ளிய பழைய நேரங்கள் மனதை நமைத்தன. சிஸ்டர் எழுப்பினால் மஞ்சளும் நீலமும் ஒன்றுபோலத்தானே இருந்தன? அப்படியென்றால், வானத்தைச் சூடாக்கும் நீலம் எதற்கு? மஞ்சளும் ஒரு சேவலும் போதாதா?

அதனால் அடுத்த ஆராய்ச்சி தயாராகிறது. ஒரு பக்கம் நீலம், எழுப்புவது என் வாக்கியம். மறுபக்கம் மஞ்சள், எழுப்புவது சேவல் சிஸ்டர். இரண்டும் லோ ஃப்ளோ. ஃப்ளோ குறையாத ஒரே பொருள் சிஸ்டர்தான். மேடம் திட்டத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிஸ்டருக்கு டோஸ் எவ்வளவு?" நோயாளிக்கு ஒரு கூவல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழு கூடவிருக்கிறது. சிஸ்டர் இப்போதே வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று டீக்கடையில் கேட்டேன், எல்லோருக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்களே, எனக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று.

"உனுக்கும் ஒண்ணு கண்டுபுட்ச்சி வெச்சிகீறன் நைனா. நீ சேந்த மொத வாரமே."

"என்னது?"

"அத்த இப்ப சொல்லுவாங்களா? படு, சொல்றேன்."

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. அது என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே, எனக்கும் ஒரு குடல்வால் லேசாக வலிக்கக் கூடாதா என்று இருக்கிறது.